அக்கா கேட்கச் சொன்ன கேள்விகள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் என்றதும் பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவன் எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தான் என்று நீ மூக்குக்கண்ணாடியைத் தேடுவது இங்கிருந்தே தெரிகிறது. விஷயம் போனில் பேசுகிற மாதிரி இல்லை. இந்த அறையில் எட்டுப் பேர் இருக்கிறோம். ஒருவன் போனை எடுத்தால் மற்ற ஏழு பேரும் ரேடியோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள். உன் வீட்டிலோ அத்தானுக்குக் காது மந்தம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் சொல்லப்போவதை அத்தான் “என்னது, எங்கேயாம்?” என்று திருப்பிக் கேட்டால் என் மானம் கப்பலேறிவிடும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரமாக எனக்கு ரெண்டுக்குப் போகும்போது ரத்தம் வருகிறது. நல்ல சிவப்பு. சில நாள் கண்ணாடிச் சில்லால் கீறுகிற மாதிரி வலி, சில நாள் வலியே இல்லை. போய்விட்டு வந்த பிறகு அரை மணி நேரம் சரியாக உட்கார முடியவில்லை. என் பிழைப்போ உட்கார்ந்தே செய்கிற பிழைப்பு.

காரணம் எனக்கே தெரியும். கிரேன் கேபினுக்கு ஏணியில் ஏறவே இருபது நிமிஷம் ஆகும். காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவேன். நடுவில் இறங்கினால் கீழே நாற்பது பேர் கம்பியையும் கான்கிரீட்டையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், மேஸ்திரி வாக்கி டாக்கியில் என் பரம்பரையையே விசாரிப்பார். அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. வந்தாலும் அடக்கிக்கொள்வேன். அடக்கி அடக்கிப் பழகி, இப்போது நானே போகலாம் என்று கூப்பிட்டாலும் அது வர மாட்டேன் என்கிறது.

ஆக இது மூலம்தான். அப்பாவுக்கும் இருந்ததே. சொத்து என்று ஒன்றும் வைக்காமல் போன மனிதர் எனக்கு இதையாவது விட்டுப் போனாரே என்று நினைத்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லிவிடாதே, அதிலும் உன் சம்பந்தியிடம். குடல் டாக்டர் வீட்டில் பெண் கொடுத்திருக்கிறோம் என்று நீ ஊர் முழுக்கச் சொன்னது போதும், அவரிடம் என் கேஸையும் கொடுத்துவிடாதே.

உன் தம்பி,
ஒட்டகம்


ஜனவரி 15

தம்பி,

உன் கடிதத்தை எட்டு ஐம்பது வண்டிக்கும் ஒன்பது இருபது வண்டிக்கும் நடுவில், அறிவிப்பு அறையிலேயே பிரித்தேன். மைக் அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் பிரித்தேன். படித்து முடித்ததும் ஒன்பது இருபதை இரண்டாவது நடைமேடைக்குப் பதிலாக நான்காவதில் வரச் செய்துவிட்டேன். இருநூறு பேர் மேம்பாலத்தில் ஏறி ஓடினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இருபத்தாறு வருஷத்தில் இது எனக்கு முதல் தப்பு.

“இது மூலம்தான்” என்று எழுதியிருக்கிறாயே, நீ எந்தக் காலேஜில் டாக்டருக்குப் படித்தாய்? மூலமாக இருக்கலாம். வெடிப்பாக இருக்கலாம். பக்கத்தில் கட்டி வந்து சீழ் பிடிக்கிற பௌத்திரமாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். உன் முதுகையே நீ பார்க்க முடியாது, அங்கே என்ன இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?

அப்பாவுக்கு மூலம் என்று சொன்னது யார்? அப்பாவேதான். வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்தே காலத்தை ஓட்டினார். கடைசி வருஷம் சட்டை அவர் மேல் தொங்கியது உனக்கு நினைவிருக்கும். ஒரு டாக்டரும் அவரைப் பார்க்கவில்லை.

ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போ. போகும்போது இதையெல்லாம் மறக்காமல் கேள். ரத்தம் சிவப்பாக இல்லாமல் கருத்து, சளியோடு கலந்து வந்தால் என்ன அர்த்தம்? போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரியே இருந்தால், அப்படி ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போய் உட்கார வைத்தால் அது எதனால்? ஒரு வாரம் இறுக்கம், ஒரு வாரம் இளக்கம் என்று மாறி மாறி வந்தால்? சாப்பாட்டைக் குறைக்காமலே உடம்பு இளைத்தால்? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? வலியே இல்லாவிட்டால் பயப்பட வேண்டாமா? ஒரு பத்திரிகையில் படித்தேன், அதனால் கேட்கிறேன். பதிலை ஒன்று விடாமல் எழுது.

தண்ணீர் குடி. மேஸ்திரி கத்தினால் கத்தட்டும்.

அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன் என்று எழுத ஆசைதான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு மருந்துக் கடை இருக்கிறது. அங்கேயே நின்றுவிட்டேன்.

கடைக்காரரிடம் போய் ஏழு நிமிஷம் தலைவலி மாத்திரை, இருமல் மருந்து, பல் விளக்கும் பிரஷ் என்று வாங்கிக்கொண்டே நின்றேன். பின்னால் வரிசை காலியானதும் குனிந்து, “உட்கார்ற இடத்துல கொஞ்சம்” என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்கவே விடவில்லை. அலமாரியைப் பார்க்காமலே கையை நீட்டி ஒரு டியூபை எடுத்து வைத்தார். தினமும் பத்துப் பேர் இப்படித்தான் பல் பிரஷ் வாங்குகிறார்கள் போலிருக்கிறது.

களிம்பு போட்டேன், தண்ணீர் குடித்தேன், பழம் தின்றேன். வலி பாதி குறைந்தது. ரத்தம் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். இனி ஆஸ்பத்திரி எதற்கு? உன் கேள்விகளை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். அதில் பாதி எனக்குப் பொருந்தவே இல்லை. எனக்கு எங்கே இளைத்தது? கேபின் கதவுதான் எனக்கு வர வர இடுக்காகத் தெரிகிறது.

போன ஞாயிறு உன் குரல் சுரத்தே இல்லாமல் இருந்தது. அத்தானோடு சண்டையா?

ஒட்டகம்


பிப்ரவரி 4

தம்பி,

மருந்துக் கடைக்காரர் உன்னைப் படுக்க வைத்துப் பார்த்தாரா? பார்க்காமல் கொடுத்த மருந்தில் பாதி குணமானால் மீதிப் பாதி என்ன என்று யார் சொல்வது? இப்படியே நாலு மாதமாக இழுத்தடிக்கிறாய்.

அத்தானோடு சண்டை எதுவும் இல்லை. அவரோடு சண்டை போடுவதென்றால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டும், அதற்கு எனக்குத் தெம்பில்லை. உன் மருமகளுக்கு ஏழாவது மாதம். கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சம்பந்தி வாசல்வரை வந்து, “என்ன சம்பந்தியம்மா, வாட்ச் கழண்டு விழற மாதிரி இருக்கே” என்கிறார். டாக்டர் கண் எங்கே போகிறது பார். வாரில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டேன்.

நான் உன்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உனக்காகப் போக வேண்டாம், எனக்காகப் போ. கேள்விகளைப் படித்துக் காட்டு. அந்தக் காகிதத்தைத் தொலைத்திருந்தால் சொல், மறுபடி எழுதி அனுப்புகிறேன்.

அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

போய்விட்டு வந்தேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வயசான டாக்டர் இருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு போனால், உன் வயதில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அப்படியே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் நர்ஸ் கதவைச் சாத்திவிட்டார். இடது பக்கமாகச் சாய்ந்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். சுவரில் ஒரு நாள்காட்டி இருந்தது. அந்த மாதத்து விடுமுறை எத்தனை என்று எண்ணி முடிப்பதற்குள் எழுந்திருக்கச் சொல்லிவிட்டார்கள். அக்கா, இரண்டே நிமிஷம். இதற்கா இரண்டு மாதம் பயந்தேன். ஏணியில் முதல் நாள் ஏறியதே இதைவிடப் பயமாக இருந்தது.

உள்ளே சின்னதாக மூலம், வெளியே ஒரு வெடிப்பு. இரண்டுமே இறுக்கத்தாலும் முக்கலாலும் வருவது. ஆறு வாரம் மருந்து, வெந்நீரில் உட்காருவது, நார்ச்சத்து, நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர். வந்தால் அடக்கவே கூடாது என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அதை மேஸ்திரியிடம் காட்டினேன். அந்த மனிதர் படித்துவிட்டு என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். பிறகு மெல்ல, “எந்த டாக்டர்? பார்க்கறப்போ வலிக்குமா?” என்றார். இப்போது பத்தரை மணிக்கு மாற்று ஆள் ஏறுகிறார்.

இனி உன் கேள்விகள். காகிதத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசித்தேன். டாக்டரம்மா முதல் இரண்டுக்குப் பதில் சொன்னார். மூன்றாவதில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இதெல்லாம் உங்களுக்கு இருக்கா?” என்று கேட்டார். இல்லை, அக்கா கேட்கச் சொன்னாள் என்றேன். காகிதத்தை வாங்கி அவரே கடைசிவரை படித்தார். உன் வயது கேட்டார். அப்பா எப்படிப் போனார் என்று கேட்டார். இளைத்து இளைத்துப் போனார், மூலம் என்று அவரே சொல்லிக்கொண்டார் என்றேன்.

“பத்திரிகையில படிச்சவங்க இப்படிக் கேக்க மாட்டாங்க. நாலஞ்சு தடவைன்னு எண்ணி வெச்சிருக்காங்க. அவங்களை வரச் சொல்லுங்க. அடுத்த மாசம் இல்ல, இந்த வாரம்” என்றார்.

பதிலையெல்லாம் எழுதச் சொன்னாயே, எழுதுகிறேன். கருத்த ரத்தமோ, மலத்தோடு கலந்த ரத்தமோ வந்தால் மேலே குடலிலிருந்து வரலாம். போகிற பழக்கம் சில வாரமாக மாறிப்போனால், பாக்கி இருக்கிற மாதிரியே இருந்தால், இளைத்தால், மூச்சு வாங்கினால் பார்த்தே ஆக வேண்டும். மூச்சு வாங்குவது ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் உடம்பில் குறைந்ததால் இருக்கலாம். வலி இல்லை என்பது நல்ல சேதி இல்லை. எல்லாம் புற்றுநோய் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். சட்டென்று ரத்தம் நிறையப் போனாலோ, தலை சுற்றினாலோ, வயிறு உப்பி வலித்துக் காற்றுகூடப் பிரியாமல் போனாலோ நாள் பார்க்காமல் அன்றே ஓட வேண்டுமாம்.

என் கடிதத்தில் மூன்று வாரம் என்றுதான் எழுதியிருந்தேன். நீ நாலு மாதம் என்று எழுதினாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அக்கா, உனக்கு எத்தனை நாளாக இருக்கிறது?

தம்பி


பிப்ரவரி 24

தம்பி,

ஐந்து மாதமாக.

இந்த ஒரு வரி எழுத இரண்டு நாள் ஆயிற்று. இன்னும் என்ன எழுத? முதலில் சூடு என்று நினைத்தேன். பிறகு, மாதாமாதம் வருவது நிற்கிற வயது, அதனால்தான் என்று நினைத்தேன். பிறகு நினைப்பதையே நிறுத்திவிட்டேன். அறிவிப்பு அறையிலிருந்து கழிப்பறை எவ்வளவு தூரம் தெரியுமா? முதல் நடைமேடையின் கடைசி. இரண்டு வண்டிக்கு நடுவில் ஓடிப்போய் ஓடி வருகிறேன். போன வாரம் ஒரு வண்டியை யாரும் அறிவிக்கவில்லை. அது தானாகவே வந்து தானாகவே போய்விட்டது.

யாரிடம் காட்டச் சொல்கிறாய்? இந்த ஊரில் இதற்கென்று இருப்பது ஒரே டாக்டர். அவர் வீட்டில்தான் என் பெண் மருமகளாக இருக்கிறாள். நாளைக்குப் பேரனோ பேத்தியோ பிறந்தால் ஒரே தொட்டிலை இரண்டு பக்கமும் நின்று ஆட்ட வேண்டியவர்கள் நாங்கள். அவர் முன்னால் நான் போய் இடது பக்கமாகச் சாய்ந்து படுக்க வேண்டுமா? செத்தாலும் மாட்டேன். டாக்டர் குடும்பம், டாக்டர் குடும்பம் என்று நான்தானே தேடிப் பிடித்து முடித்தேன். என் வாய்க்கு நன்றாக வேண்டும்.

வேறு ஊருக்குப் போகலாம் என்பாய். போனால் அத்தானுக்குச் சொல்ல வேண்டும். அத்தானுக்குத் தெரிந்தால் பெண்ணுக்குத் தெரியும். அவள் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அழுவாள். பிரசவம் முடியட்டும். இரண்டு மாதம்தான். பிறகு நீ எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன்.

அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது. என் மேல் ஆணை.

அக்கா


மார்ச் 1

அக்கா,

ஆணையை மீறிவிட்டேன்.

நேற்று உன் சம்பந்திக்குப் போன் செய்தேன். அறையில் மற்ற ஏழு பேரும் இருந்தார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று சத்தமாகவே பேசினேன். உன் கேள்விகளை முதலிலிருந்து வாசித்தேன். ஐந்து மாதம் என்றேன். அப்பாவைச் சொன்னேன்.

இரண்டு மாதம் என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்துவிட்டு அன்று கிரேனில் ஏறவே இல்லை. எனக்கு நீ ஒருத்திதான். அம்மா போனபோது எனக்குப் பதினோரு வயது, அன்றிலிருந்து நீதான் சட்டைப் பித்தான் தைத்தாய், நீதான் உதைத்தாய். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உன்னை விட முடியாது. என்னோடு ஜன்மத்துக்கும் பேசாதே, பரவாயில்லை. பேசாமல் இருக்கவும் நீ இருக்க வேண்டும்.

தம்பி


மார்ச் 6

துரோகி,

உன்னை எட்டு மாதப் பிள்ளையிலிருந்து தூக்கி வளர்த்தேன். இடுப்பிலிருந்து அப்படியே கீழே போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் கார் சத்தம். சம்பந்தி தனியாக வந்திருக்கிறார். பையும் இல்லை, ஸ்டெதாஸ்கோப்பும் இல்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அத்தான் காபி போடப் போனார். சம்பந்தி என் முகத்தைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்துக்கொண்டே பேசினார். தன்னுடைய ஐம்பதாவது வயதில் தனக்கே ரத்தம் வந்ததாம். அப்போது ஆஸ்பத்திரியில் இருந்த இன்னொரு டாக்டர் தன்னிடமே வேலை பழகியவராம், அவரிடமே போய்ப் படுத்தாராம். “மூணு நாள் அவன் மூஞ்சியை நான் பார்க்கலை சம்பந்தியம்மா. நாலாம் நாள் ரெண்டு பேரும் சேர்ந்து வேற ஒருத்தருக்கு ஆபரேஷன் பண்ணினோம்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது அழுகையில் போய் முடிந்தது. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். தான் பார்க்கப் போவதில்லை, பார்க்கவும் கூடாது, உன் டாக்டரம்மாவைத் தனக்குத் தெரியும், கை நல்ல கை என்றார். போனிலேயே நாள் குறித்துக் கொடுத்துவிட்டுத்தான் காபியைத் தொட்டார்.

நான் இன்னும் நம்ப முடியாமல் இருப்பது அத்தானை. தம்ளரை நீட்டிக்கொண்டே, “எனக்குத் தெரியும். விடியறதுக்குள்ள நாலு தடவை தாழ்ப்பாள் சத்தம் கேக்குது. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்” என்றார். இத்தனை வருஷமாக நான் கத்திக் கத்திப் பேசிய மனிதருக்குத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது. நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. என்ன குடித்தனம் நடத்தினோம் என்று தெரியவில்லை.

பதினாலாம் தேதி பதினொன்று பத்து வண்டியில் இருவரும் வருகிறோம். ஸ்டேஷனுக்கு வந்து நில். உன்னோடு பேசப் போவதில்லை, பெட்டி தூக்க ஆள் வேண்டும்.

அக்கா


மே 20

என் தம்பிக்கு,

நீ எங்களை வண்டியேற்றிவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது. அதற்குள் எழுத நினைத்தேன். பேத்தி விடவில்லை. நாங்கள் ஊர் வந்து சேர்ந்த நாலாம் நாள் பிறந்தாள். உன் ஒட்டகக் கழுத்து, பாவம்.

சம்பந்தி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தொட்டிலை ஆட்டுகிறோம். அவர் என் வாட்ச்சைப் பார்க்கிறார், நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன். உன் மருமகளிடம் நானே சொன்னேன். அழுதாள். அழுது முடித்துவிட்டு எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். இதற்குப் போய் ஐந்து மாதம் அவளிடம் மறைத்தேனே என்று இருந்தது.

ஆபரேஷனில் வயிற்றில் மாட்டிய மலப் பையோடு பழகிவிட்டேன். முதல் வாரம் அதைத் தொடவே மாட்டேன் என்று அடம் பிடித்தபோது நீ கையுறை போட்டுக்கொண்டு நர்ஸிடம் கற்றுக்கொண்டாயே, அதை எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் நனைந்துவிடும். மூன்று மாதத்தில் பையை எடுத்துவிட்டுக் குடலைப் பழையபடி சேர்த்துவிடுவார்களாம். சோதனைக்கு முதல் நாள் குடித்த அந்த உப்புக் கஷாயத்தை மட்டும் எந்த எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

வெட்டியெடுத்ததைச் சோதித்துத் தாள் அனுப்பியிருக்கிறார்கள். சம்பந்தி வரி வரியாகப் படித்துச் சொன்னார். புற்றுதான். ஆனால் குடலின் சுவரைத் தாண்டவில்லை, பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போகவில்லை. இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டினால் போதும். பிரசவம் முடியட்டும் என்று இருந்திருந்தால் இந்தத் தாளில் வேறு மாதிரி எழுதியிருக்கும் என்றார். நான் உன்னைத் துரோகி என்று எழுதியதை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். போனில் சொல்லலாம் என்று இரண்டு ஞாயிறு முயன்றேன், வரவில்லை. ஜனவரியில் உனக்கு ரத்தம் வருகிறது என்று எழுதினாய் அல்லவா, அதைப் படித்ததும் முதலில் எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. அப்பாடா, எனக்குப் பதிலாகப் போய்க் கேட்க ஒரு ஆள் கிடைத்தான் என்று நினைத்தேன். கூடப் பிறந்தவனுக்கு நோய் என்றதும் சந்தோஷப்பட்ட அக்கா நான். அந்த வெட்கத்தில்தான் வண்டியை நான்காவது நடைமேடைக்கு அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் நீ என் காலைப் பிடித்துவிட்டபோதெல்லாம் இதுதான் உறுத்தியது. மன்னித்துக்கொள்.

இன்னொன்று, இது டாக்டரம்மாவின் கட்டளை. அக்காவுக்கு வந்தால் தம்பிக்கும் முழுக் குடலையும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். உனக்கு அன்று பார்த்தது வாசல் மட்டும்தானாம். நாள் வாங்கி எனக்கு எழுது.

அக்கா


மே 29

அன்புள்ள அக்கா,

மன்னிக்கிறதற்கு இதில் என்ன இருக்கிறது? நாற்பத்தாறு வருஷத்தில் என்னால் உனக்குக் கிடைத்த சந்தோஷமே கொஞ்சம். என் ரத்தத்துக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று தெரிந்திருந்தால் இன்னும் முன்னாலேயே தண்ணீர் குடிக்காமல் இருந்திருப்பேன். நீ எனக்காகக் கேட்கிறாய் என்று நினைத்துத்தான் நான் போகாமல் இருந்தேன். உனக்காக என்று தெரிந்திருந்தால் அன்றே போயிருப்பேன். நாம் இருவரும் ஒரே களிமண்.

உன் பேத்தியின் கழுத்தைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதாதே.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் நாள் வாங்கினேன். மேஸ்திரியும் கூடவே வந்து அவருக்கும் ஒரு நாள் வாங்கிக்கொண்டார். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பாவும் நீயும் இருக்கிற வரிசையில் நான் மட்டும் தப்பிப்பேனா என்று தோன்றாமல் இல்லை. ஏதாவது சதை வளர்ந்திருந்தால் அன்றே கிள்ளி எடுத்துவிடுவார்களாம், பிறகு அது புற்றாக வளராதாம்.

மயக்க மருந்து கொடுப்பதால் தனியாக விட மாட்டார்கள். துணைக்கு வருகிறவர் பெயரை அங்கேயே எழுதிக் கொடுக்க வேண்டும். உன் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன். அங்கிருந்த நர்ஸுக்கு உன்னை நினைவிருக்கிறது. பெயரைப் பார்த்துவிட்டு, “அவங்களா? அவங்களால வர முடியுமா?” என்று கேட்டார்.

“வருவாங்க” என்றேன்.

ஜூன் பதினேழு, காலை ஏழு மணி. முதல் நாளே வந்துவிடு.

தம்பி